பதினேழு பேர், ஒரு போலீஸ், ஒற்றைச் செருப்பு

ஒரு படத்தைக் காட்டினால் நன்றாக இருக்கிறது என்பார்கள், இல்லாவிட்டால் குறை சொல்வார்கள். இரண்டும் சொல்லாத ஒரே ஒரு ஆளைத்தான் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் அடித்துக்கொண்டிருந்தவள். தினமும் கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவள், என்னை அண்ணே என்பாள். பேரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவளுக்குப் பிடிக்காது.

நான் அங்கே எக்ஸ்ரே டெக்னீஷியன். தென்காசியில் இருபது வருஷமாக அடுத்தவர் எலும்பைப் படம் எடுத்துப் பிழைக்கிறேன். குற்றால சீசன் வந்துவிட்டால் எங்களுக்கும் சீசன்தான். பாறையில் வழுக்கி விழுந்த மணிக்கட்டும் முழங்காலும் ஈரத்துண்டோடு வந்து வரிசையில் நிற்கும். நான் எடுக்கிற படத்தைப் பற்றி எங்கள் டாக்டர் வாயைத் திறந்தால் ஒரே வார்த்தைதான், “ரிப்பீட்.” சரியாக வந்திருந்தால் ஒன்றுமே சொல்லமாட்டார். இத்தனை வருஷத்தில் ஒரு படத்தையாவது நன்றாக எடுத்திருக்கிறாய் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டார்கள், விலா எலும்பை யார் ரசிப்பார்கள்? நாற்பத்தாறு வயதில் துபாயிலிருந்து திரும்பிய ஒருவரிடம் பழைய கேமராவை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு நான் அலைந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம். யாராவது ஒருவர் நல்லாருக்கு என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

முதல் படம் பேரருவி. சாரலில் வானவில் விழுந்திருந்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. மறுநாள் காலையில் சென்டரில் அதை அவளிடம்தான் முதலில் காட்டினேன். ரிப்போர்ட் அறை என் அறைக்குப் பக்கத்தில் இருந்தது, அதற்காகத்தான். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக்கொண்டு போனை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாகப் பார்த்தாள்.

“பதினேழு பேரு. ஒரு போலீஸ். கம்பியப் பிடிச்சிக்கிட்டு ஒரு வயசாளி நிக்காரு. கீழ ஒத்தச் செருப்பு கெடக்கு.”

“அவ்வளவுதானா?”

கொஞ்சம் யோசித்துவிட்டு, “வானவில்லும் இருக்கு” என்றாள்.

என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். பதினேழு பேர்தான். செருப்பை நான் எடுக்கும்போதும் பார்க்கவில்லை, எடுத்தபிறகும் பார்க்கவில்லை. அதன்பிறகு அந்தப் படத்தில் எனக்கு வானவில் தெரியாமல் போய்விட்டது. எப்போது திறந்தாலும் அந்த ஒற்றைச் செருப்புதான் முன்னால் வந்து நின்றது.

அது அவள் வேலையின் பழக்கம் என்று நினைத்தேன். எங்கள் ரிப்போர்ட்டில் இரண்டு பகுதி உண்டு. மேல்பகுதியில் படத்தில் என்ன தெரிகிறது என்று வரிவரியாக இருக்கும். அடியில் இம்ப்ரெஷன் என்று போட்டு, இதெல்லாம் சேர்ந்து என்ன நோய் என்று டாக்டர் தன் கருத்தை எழுதுவார். டாக்டர் சொல்லச் சொல்ல மேல்பகுதியை அவள் அடிப்பாள். அடியில் உள்ள அந்த ஒற்றை வரியை மட்டும் அவர் தானே வந்து உட்கார்ந்து அடிப்பார். அவளுக்கு வாழ்க்கையிலும் அந்த அடிவரி கிடையாது. கேண்டீனில் வடை எப்படி என்று கேட்டால், “எண்ணெ இருக்கு. உப்பு இருக்கு. நடுவுல வேகல” என்பாள். நல்லாருக்கா, இல்லையா என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார்.

ஒருமுறை எங்கள் ரிசப்ஷன் பெண் தன் நிச்சயதார்த்தப் படத்தைக் கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டினாள். எல்லோரும் ஜோடிப் பொருத்தம் என்றார்கள், புடவைக் கலர் என்றார்கள். போன் இவளிடம் வந்தது.

“மாப்பிள்ள மோதிரத்தப் பாக்குதாரு. நீ கேமராவப் பாக்குத. ஒங்கம்மா சாப்பாட்டுப் பந்தியப் பாக்குதாங்க. ஒன்னப் பாக்குறது மாப்பிள்ளையோட அம்மா மட்டும்தான்.”

அந்தப் பெண் கழிப்பறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள். அதோடு யாரும் எதையும் இவளிடம் காட்டுவதில்லை என்று ஆகிவிட்டது. குழந்தை படம், வீடு கட்டுகிற படம், திருமலைக் கோவில் போன படம், எல்லாம் அவள் மேஜையைச் சுற்றிக்கொண்டு போகும். அவள் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை. மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து தனியாகச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிவிட்டு, மறுபடி தட்டத் தொடங்கிவிடுவாள். எனக்கும் அவளிடம் போகக்கூடாது என்று தோன்றும். ஆனாலும் போவேன். வராத ஒன்றுக்குத்தானே மனுஷன் திரும்பத் திரும்பப் போய் நிற்கிறான்.

இந்த நேரத்தில் நான் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ குழுவில் சேர்ந்திருந்தேன். தென்காசி, செங்கோட்டை வட்டாரத்தில் கேமரா வைத்திருக்கிறவர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். அட்மின் ஓய்வுபெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியார். படத்தைப் போட்டால் பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரிதான் திருத்துவார். சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டத்தை எடுத்துப் போட்டேன். இந்தப் பக்கம் கேமரா வாங்கியவன் எவனும் அந்தத் தோட்டத்துக்குப் போகாமல் இருந்ததில்லை. வாத்தியார் அடிவானம் சாய்ந்திருக்கிறது என்றார், நிமிர்த்தினேன். ஒருவர் இடப்பக்கம் காலியாக இருக்கிறது என்றார், வெட்டினேன். இன்னொருவர் கலர் தூக்கல் என்றார், குறைத்தேன். வேறொருவர் கலரில் உயிர் இல்லை என்றார், கூட்டினேன். வரப்பில் நிற்கிற ஆடு கண்ணை இழுக்கிறது என்று நாலு பேர் சேர்ந்து சொன்னார்கள், ஆட்டையும் அழித்தேன். கடைசியில் அந்தப் படம் உரமூட்டையில் அச்சடித்திருக்கிற படம் மாதிரி ஆகிவிட்டது. அதற்கும் ஒருவர், இப்போது பழைய படமே பரவாயில்லை என்று எழுதினார். எனக்குப் போனைக் கிணற்றில் போடலாமா என்று இருந்தது.

முதல் நாளே அவளிடம் ஒருமுறை காட்டியிருந்தேன், மறுபடி கொண்டுபோய்க் காட்டினேன்.

“பூ நாலு இருக்கு. நேத்து காட்டும்போது நெறைய இருந்துச்சு. அந்த ஆடு எங்கண்ணே?”

“ஆடு வேண்டாம்னுட்டாங்க.”

“ஆடு அங்கன நின்னுச்சுல்லா?”

“நின்னுச்சு. அதுக்கு?”

“ஒண்ணுமில்ல. நின்னுச்சான்னு கேட்டேன்.”

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. அன்றைக்கு வேலையும் அதிகம், முதுகும் வலித்தது. “ஏம்மா, ஒரே ஒரு தடவ நல்லாருக்குண்ணேன்னு சொன்னா ஒனக்கு வாயா வலிக்கும்?” என்றேன்.

அவள் கோபப்படவில்லை. தட்டுவதை நிறுத்திவிட்டுச் சொன்னாள். “எங்க வீட்டுக்காரரு சவூதியிலேர்ந்து போட்டோ அனுப்புவாரு. நல்லாருக்கேன்னு எழுதிருப்பாரு. பின்னால பாத்தா கட்டில் மேல கட்டில், அதுமேல ஒரு கட்டில். எட்டு பேரு துணி தொங்கும். ஒரே ஒரு ஃபேனு. நல்லாருக்கேன்னு அவரு எழுதுனத வச்சு நான் என்ன செய்ய? துணியத்தான் எண்ணிக்கிட்டு இருப்பேன். ஏழு ஆச்சுன்னா யாரோ ஊருக்குப் போயிட்டாங்க, இவருக்குக் கொஞ்சம் எடம் கெடச்சிருக்கும்னு நெனச்சிக்கிடுவேன்.”

நான் என் அறைக்குத் திரும்பிவிட்டேன். அவள் தன்னைப் பற்றி என்னிடம் சொன்னது அதுதான் முதல்முறை.

அந்த வருஷம் ஆடி மாதம் நல்ல சாரல். மேலகரத்தில் எங்கள் வீட்டு ஜன்னலில் பகல் முழுக்க ஒரு சாம்பல் வெளிச்சம் நின்றது. குழுவில் எல்லோரும் ஜன்னல் வெளிச்சம், ஜன்னல் வெளிச்சம் என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மனைவியை ஸ்டூலில் உட்காரவைத்தேன். வலது கையைத் தூக்கித் திரைச்சீலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நடுநடுவே இருமினாள். இருமினால் படம் கலங்கிவிடுகிறது என்று எரிந்து விழுந்தேன். அவள் மறுபடி கையைத் தூக்கிக்கொண்டாள்.

அந்தப் படம் குழுவில் ‘இந்த வாரப் படம்’ என்று தேர்வானது. வீட்டில் சொல்வதைக் கணக்கில் சேர்க்காவிட்டால், என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. வாத்தியார் ஒரு குறைகூடச் சொல்லவில்லை. ‘கன்னத்தில் விழும் நிழல் அபாரம்’ என்று அவர் எழுதியதை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. முகத்தில் உள்ள சோகத்தை எப்படி வரவழைத்தீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். நானும் வெட்கமில்லாமல், பொறுமை வேண்டும் சார் என்று பதில் போட்டேன்.

திங்கள்கிழமை காலையில் பையைக்கூட வைக்காமல் அவள் மேஜைக்குப் போனேன். பாராட்டுகளை முதலில் காட்டிவிட்டு அப்புறம் படத்தைக் காட்டினேன். அவள் பாராட்டுகளைப் படிக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கி, நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். வழக்கத்தைவிட நேரமாகப் பார்த்தாள். இன்றைக்குச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

“கையத் தூக்குனதுல வளையல் முழங்கைக்கு வந்துட்டு. கழுத்தெலும்பு ரெண்டும் தெரியுது. ஜாக்கெட்டுக் கையில மடிச்சு ஊக்கு குத்தியிருக்கு. கன்னம் உள்ள போயிருக்கு.” நிறுத்தினாள். பிறகு, “மதினிக்கு எப்பலேர்ந்துண்ணே இப்படி?” என்றாள்.

அவள் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, அதில் இருக்கிறவரின் உடம்பைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல்முறை. எனக்கு அது உறைக்கவில்லை. உறைத்ததெல்லாம் வேறு. “அது நெழலும்மா. லைட்டப் பாரு, லைட்ட” என்றேன். அவள் மறுபடியும் பார்த்துவிட்டு, “நெழல் இல்லண்ணே” என்றாள். “நல்லது எதுவும் ஒன் கண்ணுல படாதா? எதப் பாத்தாலும் சீக்குதானா?” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்திவிட்டேன். ரிசப்ஷன் பெண் எட்டிப் பார்த்தாள். இவள் போனை மேஜையில் என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, “பாத்தத சொன்னேன்” என்று திரும்பிக்கொண்டாள். அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். வளையல் மணிக்கட்டில் நிற்காமல் விரல்மூட்டில் இடித்துக்கொண்டு கிடந்தது. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அதைச் சோப்புப் போட்டுத்தான் கழற்ற வேண்டியிருக்கும். ஜாக்கெட்டுக் கையில் உள்பக்கமாக மடித்து ஊக்கு குத்தியிருந்தது.

“இந்த ஊக்கு எப்பலேர்ந்து?” என்றேன்.

“சித்திரையிலேர்ந்து. தொளதொளன்னு ஆயிட்டு.”

“இருமல்?”

“அதுவும் இருக்கு. ராத்திரி வேர்த்துக் கொட்டுது.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

அவள் என்னைப் பார்த்தாள். சண்டை போடுகிற பார்வை இல்லை, சண்டை போடத் தெம்பும் இல்லை. “நீங்க கேக்கலையே. தெனமும் படத்தக் காட்டி நல்லாருக்கா, நல்லாருக்கான்னு கேட்டிய. நல்லாருக்குன்னேன். அதத்தான கேட்டிய.”

டீ ஆறிப்போனது. குடிக்கவில்லை.

மறுநாள் மனைவியை சென்டருக்கு அழைத்துப் போனேன். மார்புப் படம். தட்டில் நெஞ்சைச் சேர்த்து நிற்கவைத்து, “தாடையத் தூக்கு, தோள முன்னால தள்ளு, மூச்ச இழுத்துப் பிடி, அசையாத” என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஜன்னலில் சொன்ன அதே வார்த்தைகள், கிட்டத்தட்ட அதே வரிசை. அவளால் மூச்சைப் பிடிக்க முடியவில்லை, இருமிவிட்டாள். ரிப்பீட். இரண்டாவது படம் திரையில் வந்தது. இடப்பக்கம் மேலே, காறையெலும்புக்குக் கீழே, வெள்ளையாக ஒரு திட்டு. இந்தத் திட்டை எத்தனையோ பேர் நெஞ்சில் பார்த்திருக்கிறேன். தெருவில் போகிறவன் இருமினால்கூட என்னவாக இருக்கும் என்று யோசிக்கிறவன் நான். என் வீட்டில், என் பக்கத்துக் கட்டிலில் நாலு மாதம் இருமியிருக்கிறாள்.

ரிப்போர்ட் அறையில் டாக்டர் சொல்லச் சொல்ல, டைப் அடிக்கிறவள் அடித்தாள். நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். இருப்பதைச் சொல்கிறாளே என்று எத்தனையோ நாள் அவள்மேல் எரிச்சல்பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் பயப்பட்டேன். ஒரு எழுத்து விடுபட்டுப் போகாதா, ஒரு வரியை மறந்துவிட மாட்டாளா என்று அற்பமாக நினைத்தேன். அவள் ஒன்றையும் விடவில்லை. டாக்டர் வந்து உட்கார்ந்து அடிவரியை அடித்தார். காசநோய் என்று சந்தேகம், சளிப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ளவும் என்று இருந்தது.

அவள் ரிப்போர்ட்டை உறையில் போட்டு என்னிடம் நீட்டினாள். நான் வாங்காமல் நின்றேன்.

“ஆறு மாசம் மாத்திரண்ணே. பெரியாஸ்பத்திரியில குடுப்பாங்க. எங்க மாமியாவுக்கும் இதே எடத்துலதான் இருந்துச்சு. ஒரு நாள் விடாமச் சாப்பிட்டாங்க. இப்ப ரெண்டு கொடம் தண்ணி தூக்குதாங்க.”

பயப்படாதீங்க என்று அவள் சொல்லவில்லை. எல்லாம் சரியாயிரும் என்றும் சொல்லவில்லை. அன்றைக்குப் பார்க்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். எனக்கு அந்த இரண்டு குடம் தண்ணீர் போதுமானதாக இருந்தது.

சளியிலும் அதுதான் என்று வந்தது. மறுவாரம் வாத்தியார் போன் செய்து, அந்த ஜன்னல் படத்தைக் கண்காட்சிக்கு அனுப்பலாமா, அப்படி ஒரு வெளிச்சம் இனி அமையாது என்றார். அமைய வேண்டாம் சார் என்று போனை வைத்துவிட்டேன். குழுவிலிருந்தும் வெளியே வந்தேன். கேமரா பீரோவுக்கு மேலே போனது. காலையில் மாத்திரையை எண்ணி எடுத்து மனைவி விழுங்குகிறவரை பக்கத்தில் நிற்பதுதான் அந்த ஆறு மாதமும் என் வேலை. முதல் மாதம் அவளுக்குச் சாப்பாடே பிடிக்கவில்லை, வாந்தி. என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரிப்போர்ட் அடிக்கிறவளிடம் அன்றைக்குக் கத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அவளும் எதிர்பார்த்த மாதிரி இல்லை. கடைசி எக்ஸ்ரே எடுப்பதற்குள் அவள் வேலையை விட்டுவிட்டாள். கணவருக்கு வேறு கம்பெனியில் நல்ல வேலை அமைந்து, குடும்ப விசாவும் கிடைத்து, அவளும் சவூதி போய்விட்டாள். போகிற அன்று எல்லோருக்கும் அல்வா கொடுத்தாள். இனிப்பா இருக்கு, கையில ஒட்டுது என்றேன். அவள் சிரித்தாள். எனக்குத் தெரிந்து அவள் சிரித்தது அன்றைக்குத்தான். இப்போது அவள் இடத்துக்கு வருகிறவன் கெட்டிக்காரப் பையன், எதைக் காட்டினாலும் சூப்பர் சார் என்பான்.

போன வாரம் மறுபடியும் சாரல் பிடித்தது. மனைவியே பீரோவுக்கு மேலே கையைக் காட்டி, “அது தூசி அடஞ்சு கெடக்கு, எடுத்தா எடுங்க” என்றாள். அதே ஸ்டூல், அதே ஜன்னல். கையைத் தூக்கித் திரைச்சீலையைப் பிடிக்கச் சொன்னேன். நாலைந்து படம் எடுத்திருப்பேன். போனுக்கு மாற்றி, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு வார்த்தையும் எழுதாமல் சவூதியில் இருக்கிற அவளுக்கு அனுப்பினேன். அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது, நம்பர் அதுதானா என்றுகூடத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் பார்த்துவிட்டாள் என்று காட்டியது. அப்புறம் அவள் குரலே வந்தது. சத்தமாக வைத்துக் கேட்டேன்.

“அண்ணே, வளையல் மணிக்கட்டுலயே நிக்கி. ஊக்கு இல்ல. கழுத்துல எலும்பு தெரியல. பின்னால அடுப்புல பால் இருக்கு, பொங்கப் போகுது. மதினி கேமராவப் பாக்கல, ஒங்களத்தான் பாக்குதாங்க. கை வலிக்கி அவங்களுக்கு. எறக்கச் சொல்லுங்க.”

அவ்வளவுதான். நல்லாருக்கு என்ற வார்த்தை அதில் எங்கேயும் இல்லை. நான் போனிலிருந்து தலையைத் தூக்கினேன். மனைவி இன்னும் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தாள், கை இன்னும் திரைச்சீலையில் இருந்தது, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாடை வந்தது.

“எறக்கட்டுமா?” என்றாள்.